உறையா, பாலா, சூடா: மரபணு எதற்குக் காரணம்?

"நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை" என்று சொல்லிவந்த நாம், அதே கருத்தை இப்போது வேறு சொற்களில் சொல்லப் பழகியிருக்கிறோம். ஒருவர் நன்றாகப் பாடினால் "அது அவங்க ஜீன்லயே இருக்கு" என்கிறோம். குடும்பத்தில் மூன்று பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டால் "பரம்பரை வியாதி, நாம என்ன செய்ய முடியும்" என்று கையை விரிக்கிறோம். நேர்மை தங்கள் டி.என்.ஏ.விலேயே இருப்பதாக நிறுவனங்கள்கூட விளம்பரம் செய்துகொள்கின்றன. இந்தப் பேச்சுகள் எல்லாவற்றிலும் மரபணு காரணமாகவும் மனிதரின் பண்பு காரியமாகவும் வைக்கப்படுகின்றன. அந்தக் காரண காரிய உறவு எப்படிப்பட்டது என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. உயிரியலின் தத்துவத்தில் ஈடுபட்டவர்கள் அதைப் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். அவர்கள் கண்ட விடையின் பெரும்பகுதியைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை, அடுக்களை போதும்.

தயிர் உறைந்தது எதனால்?

இரவில் பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி பழைய தயிரை உறையாக ஊற்றி மூடிவைத்தால் காலையில் தயிர் உறைந்திருக்கும். அதற்குக் காரணம் எது என்று மதுரையில் ஒருவரைக் கேட்டால், உறை ஊற்றியதுதான் என்று யோசிக்காமல் சொல்வார். பால் இல்லாமல் தயிர் இல்லை; ஆனாலும் பாலை அவர் காரணமாகச் சொல்வதில்லை. வெதுவெதுப்பு இல்லாமலும் தயிர் இல்லை. மதுரையில் அதற்குக் குறைவில்லை என்பதால் அது அவர் நினைவுக்கே வராது. இதே கேள்வியை மார்கழி மாதத்தில் ஊட்டியில் கேட்டால் விடை மாறிவிடும். உறை ஊற்றியும் விடியும்போது பால் பாலாகவே இருக்கக் கண்டவர், பாத்திரத்தைத் துணியால் சுற்றி அடுப்போரம் வைத்த அன்று மட்டும் தயிர் உறைந்ததால், சூடுதான் காரணம் என்பார்.

இருவர் சொல்வதும் சரி. மதுரைக்காரர் உறை ஊற்றிய பாத்திரத்தை ஊற்றாத பாத்திரத்தோடு ஒப்பிடுகிறார். ஊட்டிக்காரர் உறை ஊற்றிய இரண்டு பாத்திரங்களில் சூடு கிடைத்ததையும் கிடைக்காததையும் ஒப்பிடுகிறார். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், ஒரு விளைவின் முழுக் காரணம் என்பது அதற்குத் தேவையான எல்லா நிலைமைகளின் தொகுப்பே என்றும், அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துக் காரணம் என்று பெயரிடுவது நம் வசதிக்காகச் செய்வதே என்றும் வாதிட்டார். அந்தத் தொகுப்பில், ஒப்பிடப்படும் இரண்டு நிலைகளுக்கு இடையே எது மாறியிருக்கிறதோ அதை இந்தக் கட்டுரையில் 'வேறுபடுத்தும் காரணம்' என்று அழைக்கலாம்.

இந்தத் தயிர் எத்தனை சதவீதம் உறையால் ஆனது, எத்தனை சதவீதம் சூட்டால் ஆனது என்று கேட்டால் கேட்பவரை விநோதமாகப் பார்ப்போம். மனிதரின் அறிவிலும் குணத்திலும் மரபணுவுக்கு எத்தனை சதவீதம், வளர்ப்புக்கு எத்தனை சதவீதம் என்று கேட்டால் மட்டும் அது ஆழ்ந்த அறிவியல் கேள்வியாகத் தோன்றுகிறது.

இதுவரை கண்டது: ஒரு விளைவுக்குப் பல நிலைமைகள் சேர்ந்தே காரணமாகின்றன, அவற்றுள் எதைக் 'காரணம்' என்று அழைக்கிறோம் என்பது எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

மரபணு செய்யும் வேலை

மரபணு என்பது டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் ஒரு பகுதி. நான்கே வகை வேதி எழுத்துகள் வரிசையாக அமைந்த அந்த இழையைச் செல் படித்து, அந்த வரிசைக்கு ஏற்பப் புரதங்களைக் கட்டுகிறது. மனிதரிடம் புரதங்களுக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. ஒரே மரபணு எல்லோரிடமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோல இருப்பதில்லை. சிறு மாறுதல்களோடு காணப்படும் அதன் பல வடிவங்களை 'மாற்றுருக்கள்' என்று சொல்லலாம்.

மரபணு மூக்கைச் செய்வதில்லை, கோபத்தையும் செய்வதில்லை. அதிலிருந்து நேரடியாகக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு புரதம் மட்டுமே. அந்தப் புரதத்துக்கும் மூக்குக்கும் இடையே ஆயிரக்கணக்கான பிற புரதங்களும், உணவும், வெப்பமும், கருவறையும், காலமும் நிற்கின்றன.

இங்கே மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கமே குழப்பத்துக்கு இடம் கொடுத்துவிட்டது. 1910இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் வளர்த்துவந்த பழ ஈக்களுள் ஒன்று வெண்ணிறக் கண்களோடு காணப்பட்டது. பழ ஈக்களுக்குச் சிவந்த கண்களே இயல்பு. அந்த வெண்மைக்குப் பின்னால் இருந்த மரபணுவுக்கு 'வெள்ளை' என்றே பெயராயிற்று. பிற்காலத்தில் தெரியவந்தபடி, பழுதில்லாத 'வெள்ளை' மரபணுவின் வேலை கண்ணின் நிறமிகளுக்கான மூலப்பொருள்களைச் செல்லுக்குள் கொண்டுசேர்ப்பது. அது கெட்டால் நிறமி சேராமல் கண் வெளுக்கிறது. சிவப்புக்கு உதவும் மரபணுவின் பெயர் வெள்ளை! தெருவிளக்கின் ஃபியூஸ் போனால் தெரு இருண்டுவிடும் என்பதற்காக ஃபியூஸை 'இருட்டுக் கருவி' என்று அழைப்பதைப் போன்றது இது. தவிரவும், அந்தச் சிவப்புக்கு வேறு பல மரபணுக்களும் வேண்டும். 'வெள்ளை' மரபணுவின் மாற்றுருக்கள் இரண்டு ஈக்களுக்கு இடையிலான வேறுபாட்டை விளக்குகின்றனவே தவிர, ஓர் ஈயின் கண் எப்படிச் சிவக்கிறது என்பதைத் தனியே விளக்குவதில்லை. மரபியலின் அன்றாடப் பேச்சில் 'இன்ன பண்புக்கான மரபணு' என்பதற்கு எப்போதும் வேறுபாட்டைக் குறித்த இந்தச் சிறிய பொருள்தான். அமெரிக்கத் தத்துவ அறிஞர் கென்னத் வாட்டர்ஸ் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். செய்தித் தலைப்பாக மாறும்போது அதுவே பண்பை உண்டாக்கும் பொருள் என்ற பெரிய கூற்றாக வீங்கிவிடுகிறது.

இரண்டு நோய்கள்

சர்க்கரைக்குப் பதிலாக அஸ்பார்டேம் சேர்த்த குளிர்பானத்தின் டப்பாவில் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும்: பினைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல. அந்த நோயை 1934இல் கண்டறிந்தவர் நார்வே மருத்துவர் ஆஸ்பியோர்ன் ஃபோலிங். மனவளர்ச்சி குன்றிய தன் இரு குழந்தைகளிடமும் விநோதமான வாடை வீசுவதாக ஒரு தாய் சொன்னதைப் பொருட்படுத்தி, அவர்களுடைய சிறுநீரை ஆராய்ந்தார். அதில் இரும்புக் குளோரைடை விட்டபோது எதிர்பாராத பச்சை நிறம் தோன்றியது. அங்கிருந்து அவர் நோயின் வேதியியலைப் பிடித்தார்.

நம் உணவிலுள்ள புரதங்களில் பினைல்அலனின் என்ற கூறு உண்டு. பால், பருப்பு, முட்டை, இறைச்சி எதிலும் அது இல்லாமல் இல்லை. அதை உடலுக்கு ஏற்ற வேறு பொருளாக மாற்றும் நொதி ஒன்றை, அதாவது உடலின் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம் ஒன்றை, நம் கல்லீரல் செய்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த நொதிக்கான மரபணு பழுதான நிலையில் வந்துசேர்ந்த குழந்தையிடம் பினைல்அலனின் தேங்கி, வளரும் மூளையைக் கெடுக்கிறது. 1953இல் ஹார்ஸ்ட் பிக்கலும் அவருடன் பணியாற்றியவர்களும் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், பினைல்அலனின் மிகக் குறைந்த உணவைக் கொடுத்து ஒரு குழந்தையின் நிலை தேறுவதைக் காட்டினார்கள். 1960களில் ராபர்ட் கத்ரி உருவாக்கிய குதிகால் இரத்தச் சோதனை வந்தபின், பிறந்த சில நாள்களிலேயே நோயைக் கண்டு உணவைத் திருத்த முடிந்தது. அப்படிப்பட்ட குழந்தைகள் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே வளர்கிறார்கள்.

இரண்டாவது நோய் ஸ்கர்வி. ஈறு வீங்கி இரத்தம் கசிந்து, பழைய காயங்களும் திறந்துகொண்டு, பாய்மரக் கப்பல்களின் மாலுமிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற நோய். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் பன்னிரண்டு நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமான மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் எழுந்தார்கள். வைட்டமின் சி குறைவால் வருவது என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள்.

ஆனால் ஆடு ஒருநாளும் எலுமிச்சை தேடி அலைவதில்லை, அதற்கு ஸ்கர்வியும் வருவதில்லை. ஆடு, மாடு, நாய், எலி என்று பாலூட்டிகளுள் பெரும்பாலானவை வைட்டமின் சியைத் தம் கல்லீரலிலேயே செய்துகொள்கின்றன. அந்தத் தயாரிப்பின் கடைசிப் படிக்கு ஒரு நொதி வேண்டும். அந்த நொதிக்கான மரபணு நம்மிடமும் இருக்கிறது, பழுதாகிப்போன எச்சமாக. நம் முன்னோர் வழியில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அது கெட்டுவிட்டது. குரங்குகளுக்கும் இதே நிலைதான்.

இரண்டு நோய்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் கல்லீரல் நொதி ஒன்றின் மரபணு பழுது. இரண்டிலும் அந்தப் பழுது குறிப்பிட்ட உணவோடு சேர்ந்தால்தான் நோய். இரண்டையும் உணவை மாற்றித் தடுக்கலாம். வேதியியலில் இவ்வளவு ஒற்றுமை இருந்தும் ஒன்றை மரபணு நோய் என்றும் மற்றொன்றை ஊட்டச்சத்துக் குறைபாடு என்றும் மருத்துவ நூல்கள் வகைப்படுத்துகின்றன. ஏனென்றால் பினைல்கீட்டோனூரியாவில் உணவு எல்லோருக்கும் பொது, மரபணுப் பழுது ஐரோப்பிய வம்சத்தவரிடையே ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு மட்டும். ஆகவே நோயாளியை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்துவது மரபணு. ஸ்கர்வியில் மரபணுப் பழுது மனிதர் எல்லோருக்கும் பொது, பழமும் காய்கறியும் கிடைக்காதவர்கள் சிலர். ஆகவே வேறுபடுத்துவது உணவு. கற்பனையாக, மனிதருள் பெரும்பாலோர் ஆட்டைப் போல வைட்டமின் சியைத் தாமே செய்துகொண்டு, 10,000 பேரில் ஒருவர் மட்டும் பழம் தின்றாக வேண்டியிருந்தால், ஸ்கர்விதான் மரபணு நோய்ப் பட்டியலில் இருந்திருக்கும். அந்த ஒருவரின் உடலுக்குள் நடப்பதில் ஓர் அணுவும் மாறியிருக்காது.

'மரபணு நோய்' என்ற பெயர் ஒரு நோயாளியின் உடலுக்குள் நடப்பதை மட்டும் வைத்து இடப்படுவதில்லை. அவரைச் சுற்றியுள்ள மக்கள்கூட்டத்தில் எது பொது, எது அரிது என்பதையும் வைத்தே இடப்படுகிறது. மரபணு நோய் என்பதால் மாற்றமுடியாதது என்று முடிவுகட்டுவதும் தவறு. பினைல்கீட்டோனூரியா உணவால் தடுக்கப்பட்டே அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

"80 சதவீதம் மரபு" என்றால்?

சதவீதம் பேசுவது பொருளற்றது என்றால், உயரம் 80 சதவீதம் மரபுவழிப்பட்டது என்று ஆய்வாளர்களே சொல்வது எப்படி? அவர்கள் சொல்வது 'பாரம்பரியத் திறன்' என்ற அளவை. ஒரு மக்கள்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு அவர்களுடைய மரபணு வேறுபாட்டோடு இணைந்து செல்கிறது என்பதை அது சொல்கிறது. 165 செ.மீ. உயரமுள்ளவரின் உடலில் 132 செ.மீ. மரபணுவாலும் மீதி 33 செ.மீ. சோற்றாலும் ஆனது என்று அதற்குப் பொருளில்லை. தனிமனிதர் ஒருவரைப் பற்றி அது எதையும் சொல்வதே இல்லை.

கைவிரல்களை எடுத்துக்கொள்வோம். கைக்கு ஐந்து விரல்கள் முளைப்பதில் மரபணுக்களுக்குள்ள பங்கை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் ஓர் ஊரில் விரல் எண்ணிக்கை குறைந்தவர்களைத் தேடிப்போனால், கரும்பு இயந்திரத்திலோ பட்டாசிலோ இழந்தவர்களையே பெரும்பாலும் காண்போம். வேறுபாடு விபத்தால் வருவதால் விரல் எண்ணிக்கையின் பாரம்பரியத் திறன் மிகக் குறைவாகவே இருக்கும். மரபணுவின் கை ஓங்கிய பண்புக்கு இந்த அளவு தாழ்ந்திருக்கலாம் என்பதைப் போலவே, உயர்ந்திருக்கும் பண்பையும் சூழல் புரட்டிப்போடலாம். உயரத்துக்கான 80 சதவீதக் கணக்கு நல்ல உணவு பெரும்பாலோருக்கும் கிடைக்கும் நாடுகளிலிருந்து வந்தது. தென்கொரியப் பெண்களின் சராசரி உயரமோ ஒரு நூற்றாண்டுக்குள் சுமார் 20 செ.மீ. கூடிற்று. நூறு ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணுக்கள் அப்படி மாறிவிட முடியாது. உணவும் நோய்த்தடுப்பும் மாறின.

சதவீதப் பங்கீடு ஏன் தடுமாறுகிறது என்பதற்கு நெல்லைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர்.8 குட்டைப் பயிர். தண்டை நீட்டும் ஹார்மோனைச் செய்வதற்கான மரபணு ஒன்று அதில் பழுது. (பழுது எப்போதும் கேடு என்பதில்லை, இந்தப் பழுது கோடிக்கணக்கானோருக்குச் சோறு போட்டது.) நெட்டை ரகங்களுக்குத் தழைச்சத்து உரத்தைக் கூட்டினால் கதிரின் பாரம் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும், குட்டைப் பயிர் நிமிர்ந்து நின்று உரத்தை நெல்லாக்கும். உரமில்லாத வயலில் அந்த மரபணு பெரிய மாற்றம் எதையும் செய்துவிடாது. நெட்டை ரகத்தின்மேல் உரத்தைக் கொட்டினாலும் பயனில்லை. கூடுதல் விளைச்சலில் மரபணுவுக்கு இத்தனை மூட்டை, உரத்துக்கு இத்தனை மூட்டை என்று களத்திலேயே பிரித்துக்கொடுக்க யாராலும் முடியாது. அமெரிக்க மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின், வேறுபாட்டைப் பகுத்துக் காட்டும் கணக்கைக் காரணத்தைப் பகுத்துக் காட்டும் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 1974இல் எழுதியது இதைத்தான்.

அப்படியானால் எல்லாம் சமமா?

இதுவரை படித்தவர், மரபணுவுக்கும் மற்ற நிலைமைகளுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை என்ற முடிவுக்கு வரக்கூடும். சில அறிஞர்கள் ஏறக்குறைய அந்த எல்லைவரை போயிருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். காரணங்களுக்குள் இரண்டு வகையில் தரம் பிரிக்க முடியும்.

முதலாவது, நிலைப்பு. பின்னணி மாறினாலும் காரணம் தன் விளைவைத் தருகிறதா என்பது. மூளையின் நரம்புச் செல்களை மெல்ல அழிக்கும் ஹண்டிங்டன் நோயில் ஒரு மரபணுவுக்குள் மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அது 40 முறையோ அதற்கு மேலோ வந்தால், இயல்பான ஆயுள் வாழும் ஒருவருக்கு நோய் வந்தே தீரும் என்று சொல்லலாம். உணவையோ ஊரையோ மாற்றி அதைத் தடுக்க இன்றுவரை வழியில்லை. மறுகோடியில், உடல் எடையோடு தொடர்புள்ளதாக 2007இல் அறியப்பட்ட எஃப்.டி.ஓ. மரபணு நிற்கிறது. அதன் எடைகூட்டும் மாற்றுருவை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற ஐரோப்பியர்கள், அதை அறவே பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள். உடலுழைப்பு உள்ளவர்களிடம் அந்த வித்தியாசமும் சுருங்குகிறது. இரண்டையும் 'ஜீன்' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிட்டு ஒரே விதமாக அஞ்சுவதில்தான் பிழை இருக்கிறது.

இரண்டாவது, நுணுக்கம். ஆர்மோனியத்தில் துருத்தியை அமுக்காவிட்டால் ஓசையே எழாது. ஆனாலும் துருத்தியால் ஓசையைக் கூட்டவோ குறைக்கவோதான் முடியும். ஸட்ஜமா பஞ்சமமா என்பதைக் கட்டைகளே முடிவுசெய்கின்றன. செல்லுக்கு உயிர்வளியும் ஆற்றலும் துருத்தியைப் போன்றவை. டி.என்.ஏ. எழுத்துகள் கட்டைகளைப் போன்றவை; ஓர் எழுத்தை மாற்றினால் புரதத்தில் அதற்கு நேரான இடம் மாறும். இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் அரிவாள் செல் சோகையில் நடப்பது அதுவே. சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் என்ற கூறுக்குப் பதிலாக வாலின் என்ற கூறு அமர்கிறது என்பதை 1950களில் வெர்னான் இங்கிராம் காட்டினார். இந்தியாவில் இந்த மாற்றுரு முதன்முதலாக 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே பதிவாயிற்று. இவ்வளவு குறிப்பான மாற்றத்தைச் சூட்டையோ சோற்றையோ கூட்டிக் குறைத்துச் செய்ய முடியாது.

அதற்காகக் கட்டைகள் முழுவதும் டி.என்.ஏ.விடமே உள்ளன என்றும் சொல்லிவிட முடியாது. மரபணுவைப் படிக்கும்போது செல் சில துண்டுகளை வெட்டி, மற்றவற்றைப் பலவிதமாக ஒட்டுகிறது. பழ ஈயின் டிஸ்கேம் என்ற ஒரே மரபணுவிலிருந்து இப்படி 38,016 வடிவங்கள் உருவாக இடமிருக்கிறது. எது உருவாகும் என்பதைச் செல்லின் பிற புரதங்களும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன.

சுருக்கமாக, ஒரு மரபணுவைக் காரணம் என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். யாரை யாரோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்? பின்னணி மாறினாலும் அந்த விளைவு நிற்குமா? விளைவை எவ்வளவு நுணுக்கமாக அது தீர்மானிக்கிறது?

தாயின் மரபணு, பிள்ளையின் சூழல்

இந்தக் கேள்விகளையும் திணறவைக்கும் நிகழ்வு ஒன்று பினைல்கீட்டோனூரியாவின் வரலாற்றிலேயே உண்டு. உணவுக் கட்டுப்பாட்டால் காப்பாற்றப்பட்ட பெண் குழந்தைகள் வளர்ந்து தாயாகும் வயதை அடைந்தார்கள். மூளை வளர்ந்து முடிந்தபின் கட்டுப்பாடு தேவையில்லை என்று அக்காலத்தில் கருதப்பட்டதால், அவர்களுள் பலர் எல்லோரையும் போலச் சாப்பிட்டுவந்தார்கள். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுள் பலர் சிறுத்த தலையோடும் மனவளர்ச்சிக் குறைவோடும், சிலர் இதயக் கோளாறோடும் பிறந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பினைல்கீட்டோனூரியா இல்லை. தந்தையிடமிருந்து வந்த பழுதில்லாத மரபணு ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. தாயின் இரத்தத்தில் தேங்கிய பினைல்அலனின் நஞ்சுக்கொடி வழியாகச் சென்று கருவைத் தாக்கியிருந்தது.

பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் இது சூழலால் வந்த பாதிப்பு. கருவறைதான் அதன் சூழல். தாயின் பக்கம் நின்று பார்த்தால் அந்தச் சூழலை அமைத்தது அவளுடைய மரபணு. தட்டைப் பார்த்தால், அதே மரபணுவை வைத்துக்கொண்டே அவள் வேறு உணவு உண்டிருந்தால் எதுவும் நடந்திருக்காது. ஆகவே இத்தகைய பெண்கள், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்கிப் பிள்ளைப்பேறுவரை விடாமல் தொடர வேண்டும் என்று மருத்துவர்கள் இன்று சொல்கிறார்கள். பிறக்கப்போகும் பிள்ளையைக் காக்கும் அந்த உணவில் ஒரு கவளத்தைக்கூட அந்தப் பிள்ளை உண்பதில்லை.